மூன்றாம் வகுப்பில் பாடப்புத்தகமே இல்லாமல் ஒரு வாரம் முழுக்க என்னதான் படிக்கிறார்கள்? (இன்டர்நேஷனல் பள்ளி, மதுரை)

தெப்பக்குளம் அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மகளை இந்த வருடம் மெட்ரிக் பள்ளியிலிருந்து எடுத்து ஒரு இன்டர்நேஷனல் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்த்திருக்கிறோம். ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) பாடத்திட்டம், அதில் சின்னப் பிள்ளைகளுக்கானது பிஒய்பி (பிரைமரி இயர்ஸ் புரோகிராம்) என்றார்கள். பழைய பள்ளியில் டைரியைத் திறந்தால் எல்லாம் தெரிந்துவிடும், எந்தப் பக்கம், எந்தக் கேள்வி, நாளைக்கு எதில் டிக்டேஷன் என்று. இங்கே பையைத் திறந்தால் ஒரு நோட்டும் ஒரு கதைப் புத்தகமும் தண்ணீர் பாட்டிலும்தான் இருக்கின்றன. போன வாரம் முழுக்கத் தண்ணீரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு என்ன படிச்ச?" என்றால் "கேள்வி எழுதினோம்" என்கிறாள். பதில் எழுதவில்லையா என்றால், அது வெள்ளிக்கிழமை தெரியுமாம்.

பிள்ளை சந்தோஷமாகத்தான் போகிறாள், அதில் குறையில்லை. ஆனால் கட்டுகிற பணம் பெரிய பணம். வீட்டில் மாமியாரும் கேட்கிறார், எனக்கே பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த மாதிரிப் பள்ளியில் வேலை பார்க்கிறவர்களோ, பிள்ளையைப் படிக்க வைத்தவர்களோ இருந்தால், திங்கள் முதல் வெள்ளி வரை வகுப்புக்குள் என்ன நடக்கிறது என்று விவரமாகச் சொல்லுங்கள். விளம்பர நோட்டீசில் இருப்பது வேண்டாம், அதைப் படித்துவிட்டுத்தான் சேர்த்தோம்.

மேலூர்க்காரன் எழுதியது:

அக்கா, முதலில் ஒன்று பாருங்கள். போர்டில் இன்டர்நேஷனல் என்று எழுதியிருப்பதெல்லாம் ஐபி கிடையாது. நம்ம ஊரைச் சுற்றி அந்தப் பெயரில் இருக்கும் பல பள்ளிகள் சிபிஎஸ்இதான். நிஜமாகவே ஐபி அங்கீகாரம் வாங்கியதா, இன்னும் விண்ணப்ப நிலையில்தான் இருக்கிறதா என்பதை ஐபி அமைப்பின் இணையதளத்தில் பள்ளிப் பெயரைப் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அடுத்தது, என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு, எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுவது, இந்த இரண்டும் கைக்கு வரவில்லை என்றால் ஆறாம் வகுப்பில் எந்தப் பாடத்திட்டமும் காப்பாற்றாது. கேள்வி கேட்கப் பழகுவது நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் எட்டேழு எவ்வளவு என்று கேட்டால் விரலை மடக்கிக்கொண்டு நிற்கிற பிள்ளை எந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகும்? என் அண்ணன் மகனிடம் இதை நேரில் பார்த்தேன், அதனால்தான் சொல்கிறேன்.

கண்மாய்க்கரை டீச்சர் எழுதியது:

நான் மதுரைக்குப் பக்கத்தில் ஒரு பிஒய்பி பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். உங்கள் மகள் படிக்கும் பள்ளி எதுவென்று தெரியாது, தெரியவும் வேண்டாம். நாங்கள் தண்ணீர் அலகை (யூனிட்) நடத்திய வாரத்தைச் சொல்கிறேன், மற்ற பள்ளிகளிலும் ஏறத்தாழ இப்படித்தான் போகும்.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிஒய்பி 1997-இல் தொடங்கியது, 3 வயதிலிருந்து 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. ஆறு பெரிய கருப்பொருள்கள் உண்டு: நாம் யார், காலத்திலும் இடத்திலும் நாம் எங்கே இருக்கிறோம், நம்மை எப்படி வெளிப்படுத்துகிறோம், உலகம் எப்படி இயங்குகிறது, நம்மை எப்படி ஒழுங்குபடுத்திக்கொள்கிறோம், பூமியை எப்படிப் பகிர்ந்துகொள்கிறோம். ஒவ்வொன்றுக்கும் வருடத்தில் ஒரு அலகு, ஒரு அலகு பல வாரம் ஓடும். ஐபி அமைப்பு பாடப்புத்தகம் எதையும் கொடுப்பதில்லை, பொதுத்தேர்வும் வைப்பதில்லை. அந்தந்தப் பள்ளி ஆசிரியர்கள் உட்கார்ந்து தங்கள் ஊருக்குத் தக்கபடி அலகை எழுத வேண்டும். ஒரு பள்ளி நன்றாக இருப்பதும் மோசமாக இருப்பதும் அந்த எழுத்தில்தான் இருக்கிறது. ஊரைப் பார்க்காமல் எங்கோ ஒரு நாட்டுப் பள்ளி போட்ட திட்டத்தை அப்படியே இறக்கினால் பிள்ளைகள் அமேசான் காட்டை வண்ணம் அடித்துக்கொண்டிருப்பார்கள், பள்ளிக்குப் பின்னால் இருக்கிற கண்மாய் கண்ணில் படாது.

திங்கட்கிழமை சுவரில் மூன்று பத்தியாகப் பெரிய தாள் ஒட்டுவோம். என்ன தெரியும், என்ன தெரிய வேண்டும், என்ன தெரிந்துகொண்டோம். 1986-இல் டோனா ஓகிள் என்ற அமெரிக்கக் கல்வியாளர் சொன்ன முறை இது, இன்றைக்கு உலகம் முழுக்கச் செய்கிறார்கள். வைகை வறண்டு கிடக்கிற படம் ஒன்று, கள்ளழகர் இறங்கும்போது தண்ணீர் ஓடுகிற படம் ஒன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நான் வாயைத் திறக்காமல் இருந்தேன். "திருவிழாவுக்கு மட்டும் தண்ணி எங்கிருந்து வருது?" என்று ஒருவன் கேட்டான். அணையில் திறக்கிறார்கள் என்றது இன்னொரு குழந்தை. யார் திறக்கிறார்கள், யாரைக் கேட்டுத் திறக்கிறார்கள், மீதி நாளில் ஏன் திறப்பதில்லை என்று சுவர் நிறைந்துவிட்டது. உங்கள் மகள் "கேள்வி எழுதினோம்" என்று சொன்னது இதைத்தான். அது வீண்போன நாள் இல்லை, அந்த வாரத்தில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதே அங்கேதான் முடிவாகிறது.

செவ்வாய்க்கிழமை செய்தித்தாள். வைகை அணை நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து இத்தனை கனஅடி, திறப்பு இத்தனை கனஅடி என்று நம்ம ஊர்ப் பதிப்புகளில் வருமே, அந்தச் சின்னப் பெட்டிச் செய்திகளை வெட்டிச் சேர்த்து வைத்திருந்தோம். அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 71 அடி. பிள்ளைகளுக்கு மீட்டர்தான் தெரியும். ஒரு அடி 30.48 சென்டிமீட்டர், அப்படியானால் 71 அடி எவ்வளவு என்று பார்த்தால் இருபத்தொன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. இதில் பெருக்கல் வருகிறது, தசமம் எட்டிப் பார்க்கிறது, தோராயம் பழகுகிறார்கள். மேலூர் அண்ணன் கேட்ட வாய்ப்பாடும் இங்கேதான் வருகிறது. தினமும் காலையில் கால் மணி நேரம் வாய்மொழிக் கணக்கு எங்கள் வகுப்பில் கட்டாயம் உண்டு. அலகு நடக்கிறது என்று அதை விட்டுவிட்டால் அண்ணன் சொன்னதுதான் நடக்கும், அதில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

கனஅடி என்றால் என்ன என்பதற்கு அட்டையில் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு அடியாகப் பெட்டி செய்தோம். அதற்குள் 28 லிட்டர் சொச்சம் பிடிக்கும். வகுப்பில் இருந்த பிளாஸ்டிக் குடத்தை அளந்து பார்த்தோம், ஏறத்தாழ இரண்டு குடம் ஒரு கனஅடி. செய்தித்தாளில் கனஅடி என்று போடுவது ஒரு நொடிக்கான கணக்கு என்று சொன்னதும் ஒரு பெண் குழந்தை கண்ணை மூடிக்கொண்டு "ஒண்ணுன்னு சொல்றதுக்குள்ள ரெண்டு குடம்" என்று கையால் ஊற்றிக் காட்டினாள். ஆயிரம் கனஅடி திறந்துவிட்டார்கள் என்ற செய்தி இனிமேல் அந்தப் பிள்ளைக்கு வெறும் எண்ணாக இருக்காது.

புதன்கிழமை கண்மாய். அழகர்கோவில் சாலைப் பக்கம் இருக்கிற ஒன்றுக்குப் போனோம். வயலுக்குத் தண்ணீர் திறக்கிற மடை எங்கே, நிரம்பினால் வழிகிற கலுங்கு எங்கே, அங்கிருந்து வெளியேறும் மறுகால் எந்தப் பக்கம் போகிறது என்று நடந்து பார்த்து வரைபடம் போட வேண்டும், அதுதான் வேலை. தண்ணீர் பாய்ச்சுகிற பெரியவர் ஒருவர் வந்திருந்தார். பிள்ளைகள் ஸ்கேலும் நூலும் வைத்திருக்க, அவர் மடைக் கல்லைக் காட்டி, இந்தக் கல் நனைந்திருந்தால் இத்தனை நாள் பாயும், இதற்குக் கீழே போனால் கடைமடைக்கு ஏறாது என்றார். அவரிடம் அளவுகோல் இல்லை, ஆனால் அளவு இருக்கிறது. கடைசியில் இருக்கிற வயலுக்குத் தண்ணீர் போகாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று ஒரு பையன் கேட்டான். முறை வைத்து விடுவோம், ராத்திரி முறை வந்தால் ராத்திரி போய் மடையில் படுத்துக்கொள்வோம் என்றார். பூமியைப் பகிர்ந்துகொள்வது என்ற அந்தக் கருப்பொருளை நான் ஒரு மாதம் பேசியிருந்தாலும் அந்த ஒரு பதில் அளவுக்கு இறங்கியிருக்காது.

வியாழக்கிழமைதான் எனக்கு மிகவும் பிடித்த நாள், கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை வரைபடத்தாளில் அணை மட்டத்தைப் புள்ளி வைத்தபோது ஒரு குழந்தை கேட்டிருந்தாள்: அறுபது அடியில் ஒரு அடி குறைந்தாலும் முப்பது அடியில் ஒரு அடி குறைந்தாலும் போன தண்ணீர் ஒன்றுதானா? நான் பதில் சொல்லவில்லை. வியாழக்கிழமை ஒரு குழுவுக்கு நேர்ச் சுவர் உள்ள எவர்சில்வர் தூக்குவாளி, இன்னொரு குழுவுக்கு வீட்டில் வடை சுடுகிற இருப்புச்சட்டி. இரண்டிலும் 200 மில்லி, 200 மில்லியாக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் ஸ்கேலை நிறுத்தி உயரத்தைக் குறிக்க வேண்டும். தூக்குவாளிக் குழுவுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு ஏறியது, கோடு நேராக வந்தது. சட்டிக் குழுவுக்கு முதல் தடவை சடாரென்று ஏறியது, அடுத்தடுத்துக் குறைந்துகொண்டே போனது, கோடு வளைந்துவிட்டது. தப்பாக அளந்துவிட்டோம் என்று நினைத்து அந்தக் குழு தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தது. மறுபடியும் வளைவுதான். அப்புறம் சட்டியின் வாயைப் பார்த்தார்கள், அணையின் படத்தைப் பார்த்தார்கள். மலைகளுக்கு நடுவே இருக்கிற அணை மேலே போகப் போக விரிகிறது, ஆகவே மேலே ஒரு அடியில் நிறையத் தண்ணீர், கீழே ஒரு அடியில் கொஞ்சம். இதை நான் கரும்பலகையில் எழுதியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். எடுத்துக்கொண்டதோ இரண்டு பாட வேளை. அந்த இரண்டு வேளையும் செலவழிக்கத் தகுந்தவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அளந்தது எதிர்பார்த்தபடி வராதபோது மறுபடி அளப்பது என்ற பழக்கம் படித்து வருவதில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றாவது பத்தியை நிரப்புவோம், ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதுவார்கள், எழுத்துப்பிழையை அவர்களே பென்சிலால் வட்டமிட்டுத் திருத்துவார்கள். பாட்டு, விளையாட்டு, இரண்டாம் மொழி எல்லாம் நடுவில் வழக்கம்போல உண்டு.

திருநகர் வாசி எழுதியது:

டீச்சர் எழுதியதைப் படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. நான் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பையன் ஐந்தாம் வகுப்பு வரை இப்படிப்பட்ட பள்ளியில் படித்தான். கடைசி வருடம் எக்ஸிபிஷன் என்று ஒன்று உண்டு, பிள்ளைகளே ஒரு பிரச்சினையை எடுத்து வாரக்கணக்கில் ஆராய்ந்து பெற்றோர் முன்னால் வைப்பார்கள், அதை நன்றாகவே செய்தான். ஆறாம் வகுப்புக்குச் சிபிஎஸ்இ மாற்றினோம், வீட்டுச் சூழ்நிலை. முதல் தேர்வில் கேள்வித்தாளைப் பாதிதான் முடித்தான். தெரியாமல் இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் யோசித்து யோசித்து எழுதியிருக்கிறான், நேரம் போய்விட்டது. வேகமாக எழுதுகிற பழக்கம் இல்லை, இரண்டு மதிப்பெண்ணுக்கு எவ்வளவு எழுத வேண்டும் என்ற கணக்கும் தெரியவில்லை. அந்த வருடம் முழுக்க வீட்டில் உட்கார்ந்து பழக்கினோம், சரியாகிவிட்டது. இப்போது அறிவியல் வாத்தியாருக்கு அவன்தான் பிடித்த பிள்ளை, கேட்டுக்கொண்டே இருக்கிறானாம்.

ஆகவே நடுவில் மாற்றுகிற எண்ணம் இருந்தால் நான்காம் வகுப்பிலிருந்தே வாரம் ஒருமுறை வீட்டில் கடிகாரம் வைத்து எழுத வையுங்கள். பள்ளி அதைச் செய்யாது, அது அவர்கள் வேலையும் இல்லை. கேம்பிரிட்ஜ் பிரைமரி என்ற இன்னொரு பாடத்திட்டம் என்றால் ஆறாம் நிலை முடிவில் செக்பாயின்ட் என்று ஒரு தேர்வு வைத்துக்கொள்ளலாம், ஆங்கிலம், கணக்கு, அறிவியல் மூன்றுக்கும். பிஒய்பியில் அதுவும் கிடையாது, பிள்ளை எங்கே நிற்கிறது என்பதற்கு டீச்சர் சொல்லும் குறிப்புகள்தான். அதை வரிக்கு வரி படிக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எழுதியது:

அம்மா, நான் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டீச்சர் சொன்னதில் எனக்குப் புதிதாகப் பட்டது சட்டியும் தூக்குவாளியும்தான், அது அருமை. மற்றதில் பலவும் நம் அரசுப் பள்ளிகள் பார்த்தவை. செயல்வழிக் கற்றல் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08-இல் மாநிலம் முழுக்க வந்தது. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்காருவார்கள், கற்றல் அட்டையை அவர்களே எடுப்பார்கள், ஏணிப்படியில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். பிள்ளையின் உயரத்துக்குச் சுவரைச் சுற்றிலும் கீழ்மட்டக் கரும்பலகை, தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் அவர்கள் வரைந்ததும் எழுதியதும் தொங்கும். வருகையைப் பிள்ளையே பதியும், வானிலையைப் பிள்ளையே குறிக்கும். இப்போது 2022 முதல் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து நடத்துகிறார்கள்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்பைச் சேர்த்துப் பார்க்கிற இடத்தில் அட்டை அடுக்கி வைக்கவே நேரம் போதாது என்பதும் எனக்குத் தெரியும். டீச்சருக்கு எத்தனை பிள்ளைகள், கூட உதவிக்கு ஆள் உண்டா என்று கேளுங்கள். நீங்கள் கட்டுகிற பணத்தில் பெரும்பங்கு அதற்குத்தான் போக வேண்டும். நீச்சல் குளத்துக்குப் போனால் கேள்வி கேளுங்கள்.

தெப்பக்குளம் அம்மா எழுதியது:

ஐயா, டீச்சர், எல்லோருக்கும் ரொம்ப நன்றி. டீச்சர், ஒரு சந்தேகம். மகளிடம் வீட்டில் தமிழில்தான் பேசுகிறோம், ஆனால் இந்தப் பள்ளிக்குப் போனதிலிருந்து தமிழ் வாசிப்பு பின்னால் போகிறது. வாரத்தில் சில வேளைதான் தமிழ், அதிலும் தமிழ் மிஸ் தனியாக ஏதோ பாடம் நடத்துகிறார், இந்தத் தண்ணீர் அலகுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மாமியாருக்கு அதுதான் பெரிய வருத்தம். பேத்தி கற்றதைத் தன்னிடம் சொல்ல முடியவில்லையே என்று.

கண்மாய்க்கரை டீச்சர் எழுதியது:

உங்கள் மாமியார் சொல்வதுதான் இந்த இழையிலேயே எனக்கு முக்கியமாகப் படுகிறது. மற்ற எதையும்விட இதைத்தான் நீங்கள் பள்ளியில் அழுத்திக் கேட்க வேண்டும்.

புதன்கிழமை அந்தப் பெரியவரிடம் பேசியவர்கள் யார் தெரியுமா? தமிழ் நன்றாக வருகிற நான்கைந்து பிள்ளைகள். மற்றவர்கள் ஆங்கிலத்தில் கேள்வியை எழுதி வைத்துக்கொண்டு நின்றார்கள். அறிவு இருந்த இடம் அந்தப் பெரியவர், அவரிடம் போகிற வழி தமிழ். அதனால் எங்கள் பள்ளியில் தமிழாசிரியை எங்களோடு அலகுத் திட்டத்தில் உட்காருகிறார். செவ்வாய்க்கிழமைத் தமிழ் வேளையில் பேட்டிக் கேள்விகளைத் தயார் செய்தார்கள், பெரியவரிடம் எப்படி மரியாதையாகத் தொடங்குவது, குறுக்கே பேசாமல் எப்படித் துணைக்கேள்வி கேட்பது என்று பேசிப் பழகினார்கள். வியாழக்கிழமை அவர் பேசிய பதிவைக் கேட்டுக் கேட்டு அவர் சொன்னபடியே எழுதினார்கள். வாக்கியம் நீளமாக வரும், நிறுத்தக்குறி எங்கே போடுவது என்று அடிதடியே நடக்கும். இலக்கணம் அங்கே தானாக வந்து உட்காருகிறது. வெள்ளிக்கிழமை காட்சியில் தாத்தா பாட்டிகளுக்குத் தமிழில்தான் விளக்க வேண்டும் என்பது விதி. அன்றைக்கு ஒரு பாட்டி பேரனை நிறுத்தி, சட்டிக் கோடு ஏன் வளைந்தது என்று மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்.

தமிழ்நாட்டில் 2006-இல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது, தமிழ் ஒரு பாடமாக இருக்க வேண்டும் என்று. பாடமாக இருப்பது ஒன்று, அதை வைத்து ஒன்றைக் கண்டுபிடிப்பது வேறொன்று. இரண்டாவது நடக்காவிட்டால் பிள்ளை தமிழைத் தேர்வுக்கு மட்டும் தொடும். பிஒய்பி விதிகளிலேயே தாய்மொழியை வளர்க்க இடம் இருக்கிறது, பள்ளி மொழிக் கொள்கை என்று ஒரு ஆவணம் வைத்திருக்க வேண்டும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அப்புறம், நடக்கிற அலகில் தமிழ் மிஸ் என்ன செய்கிறார் என்று கேளுங்கள். நான்கு பெற்றோர் சேர்ந்து கேட்டால் அடுத்த அலகிலாவது மாறும்.

வீட்டில் இப்போதே செய்ய ஒன்று உண்டு. தினமும் அணை மட்டத்தைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, 2023-இல் திறந்தது, குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி உண்டு. தமிழில் அறிவியல் புத்தகங்களை அவளே எடுக்கட்டும், நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

மேலூர்க்காரன் எழுதியது:

டீச்சர், தினமும் கால் மணி நேரம் வாய்மொழிக் கணக்கு என்று நீங்கள் சொன்னதால் என் வாதத்தில் பாதியைக் குறைத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி அப்படியேதான் இருக்கிறது, ஏனென்றால் எல்லாப் பள்ளியிலும் உங்களைப் போல் செய்கிறார்களா என்பதற்கு என்ன உத்தரவாதம்? அக்கா, இதை எழுத்தில் கேளுங்கள்: இந்த வருட முடிவில் பெருக்கல் எதுவரை, வாசிப்பு எந்த அளவு என்று. பதில் தெளிவாக வந்தால் தொடருங்கள், மழுப்பினால் யோசியுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன், இது எங்கள் பிழைப்பு. உங்கள் பிள்ளைகள் வைகை அணையோடு நின்றுவிட்டால் பாதிக் கதைதான். 1895-இல் பென்னிகுயிக் கட்டிய முல்லைப்பெரியாறு அணையிலிருந்துதான் மேற்கே போகிற தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வந்து வைகையில் சேருகிறது. வைகையில் இருக்கிற பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம், அதற்கு அப்பால் எங்கள் மேலூர்ப் பக்கம் ஒருபோகம்தான். ஒரே கால்வாய், முன்னால் இருக்கிறவனுக்கு இரண்டு விளைச்சல், பின்னால் இருக்கிறவனுக்கு ஒன்று. யாருக்கு முதலில் தண்ணீர் என்ற அந்தக் கேள்வியைப் பிள்ளைகள் இங்கே வந்து கேட்கட்டும், பதில் சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள்.

கண்மாய்க்கரை டீச்சர் எழுதியது:

அண்ணே, ஆளுக்கு ஒரு பதில் என்பதுதான் எங்களுக்கு வேண்டியது. கள்ளந்திரிப் பக்கம் ஒரு விவசாயி, மேலூர்ப் பக்கம் ஒரு விவசாயி, இருவரையும் ஒரே வாரத்தில் பிள்ளைகள் பேட்டி எடுத்தால் வெள்ளிக்கிழமை வகுப்பு வேறு மாதிரி இருக்கும். ஒருபோகத்துக்குத் தண்ணீர் திறந்து வாய்க்காலில் ஓடுகிற நேரமாகப் பார்த்து வர வேண்டும். திறப்பு அறிவிப்பு வந்ததும் இங்கேயே ஒரு வரி போடுங்கள், பள்ளியில் பேருந்துக்கு நான் சொல்லி வைக்கிறேன். முப்பது பிள்ளைகள் நடந்து போகிற மாதிரிக் கரை அகலமாக இருக்கிற இடம் எது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.